ஆப்பம்: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளிலிருந்து கேள்வி பதில்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை நீளும் இந்தக் கரையில் ஆப்பம் காலைக்கும் ஆகும், ராத்திரிக்கும் ஆகும். வெளியூரிலிருந்து இங்கே மருமகளாக வந்தவர்கள், இங்கிருந்து சென்னைக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போன பிள்ளைகள், ராமேஸ்வரம் வந்து சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனதும் செய்து பார்க்க நினைப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன். மாவைப் பார்க்கப் பழகிவிட்டால் ஆப்பம் வந்துவிடும். கடிகாரத்தையும் அளவையும் மட்டும் நம்பினால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.

முதலில் அளவைச் சொல்லுங்கள். என்னென்ன, எவ்வளவு?

நான்கு பேருக்கு: பச்சரிசி 2 டம்ளர், உளுந்து 2 மேசைக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி. எல்லாவற்றையும் கழுவி ஒன்றாகவே 4 மணி நேரம் ஊற வைக்கலாம். அரைக்கும்போது ஒரு கைப்பிடி பழைய சோறு சேருங்கள். மாவு நறநறவென்று இருக்கக் கூடாது. விரலில் தேய்த்தால் வழுக்க வேண்டும். தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக எடுத்துப் புளிக்க வையுங்கள்.

ஊற்றப் போகும் நேரத்தில் உப்பு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, கெட்டித் தேங்காய்ப்பால் அரை டம்ளர். கலந்த பிறகு கரண்டியிலிருந்து தங்குதடை இல்லாமல் ஒழுக வேண்டும், ஆனால் தண்ணீர் மாதிரி ஓடிவிடக் கூடாது.

சர்க்கரை இனிப்புக்காகப் போடுவதில்லை. ஓரம் பொன்னிறமாகச் சிவக்க அதுதான் காரணம். அதை விட்டுவிட்டு, ஆப்பம் வெளுத்துப்போய் வருகிறதே என்று கேட்பவர்கள் நிறைய.

இட்லி அரிசியில் செய்யலாமா?

பாதிக்குப் பாதி போடலாம். புழுங்கலரிசி வெந்து காய்ந்த அரிசி என்பதால் ஆப்பத்தை மெத்தென்று ஆக்கும், ஆனால் ஓரம் மொறுமொறுப்பாக நிற்காது. வலை வலையாக ஓரம் வேண்டுமென்றால் பச்சரிசிதான். பழைய பச்சரிசி கிடைத்தால் இன்னும் நல்லது. புது அரிசி மாவு கொஞ்சம் பிசுக்கென்று சட்டியைப் பிடிக்கும்.

சித்திரைக்கார் அரிசியில் ஆப்பம் வருமா?

வரும், நன்றாகவே வரும். ராமநாதபுரத்து மானாவாரி வயல்களில் வழிவழியாக விளைந்த சிவப்பரிசி அது. தவிடு இருப்பதால் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். தனியாகப் போட்டால் ஆப்பம் கனக்கும்; ஒரு பங்கு சித்திரைக்காருக்கு இரண்டு பங்கு வெள்ளைப் பச்சரிசி என்பது என் கணக்கு. இளஞ்சிவப்பாக, லேசான மண்வாசத்தோடு வரும் அந்த ஆப்பத்துக்குக் கருப்பட்டிப் பால் ஊற்றிச் சாப்பிட்டால் வேறு எதுவும் தேட மாட்டீர்கள்.

மாவு எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும்?

எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி இது. ஒரே பதில் கிடையாது. சித்திரை, வைகாசியில் இங்கே ராத்திரியிலும் புழுக்கம் விடாது. 5 மணி நேரத்திலேயே மாவு தயாராகிவிடும். ராத்திரி 9 மணிக்கு அரைத்து வைத்துவிட்டுக் காலை 7 மணிக்குத் திறந்தால் புளிப்பு மூக்கில் ஏறும். மார்கழி, தையில் அதே மாவுக்கு 10 மணி நேரம் பிடிக்கும். குளிரான ஊரில் இருக்கிறீர்கள் என்றால் 12 மணி நேரமும் ஆகும். சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்ட அடுப்புப் பெட்டிக்குள்ளோ (ஓவன்), வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்திலோ வையுங்கள்.

மாவில் வேலை செய்வது அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் புளிப்பைக் கொடுக்கிறது, இன்னொரு கூட்டம் காற்றுக் குமிழைக் கொடுக்கிறது. சூடு கூடக்கூட முதல் கூட்டம் முந்திக்கொள்ளும். வெயில் காலத்தில் மாவு அதிகம் பொங்காமலே புளித்துப்போவது அதனால்தான். அப்போது செய்ய வேண்டியது: அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள், உப்பை அப்போதே போட்டுவிடுங்கள். உப்பு புளிப்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். குளிர் மாதங்களில் உப்பைக் காலையில் போடுங்கள்.

சரி, தயாரானதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாத்திரத்தைத் திறந்து ஒரு கரண்டி மாவை ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். மேலே சின்னச் சின்னக் குமிழ் இருக்கும். கரண்டி விலகிய இடத்தில் உள்ளே தேனடை மாதிரி துளைகள் தெரியும். காதைக் கிட்டே கொண்டுபோனால் குமிழ் உடைகிற சத்தம் மெலிதாகக் கேட்கும். வாசனை இளம் புளிப்பாக, கொஞ்சம் தித்திப்பு கலந்து இருக்கும். உளுந்து குறைவு என்பதால் இட்லி மாவு மாதிரி இரண்டு மடங்காக எழும்பாது. அதற்காகக் காத்திருந்தால் நேரம் தாண்டிவிடும்.

மாவில் கொஞ்சத்தை எடுத்துக் காய்ச்சிக் கலக்கச் சொல்கிறார்களே, அது அவசியமா?

சோறு சேர்த்து அரைத்தால் அவசியமில்லை. சோறு இல்லாத நாளில் செய்யலாம். அரைத்த மாவில் ஒரு கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக் கஞ்சி பதத்தில் இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு நன்றாக ஆறிய பிறகே மாவில் கலக்க வேண்டும். வெந்த மாவுப்பசை காற்றைப் பிடித்து வைக்கும். அதனால் நடுவில் பஞ்சு மாதிரி வரும். சூடாக ஊற்றினால் புளிக்க வைக்கும் உயிர்கள் செத்துப்போகும், மாவு அப்படியே படுத்துவிடும்.

அந்தக் காலத்தில் கள் ஊற்றுவார்களாமே?

ஊற்றுவார்கள். பனங்கள்ளிலும் தென்னங்கள்ளிலும் மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் தானாகவே இருக்கிறது. கால் டம்ளர் ஊற்றினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மாவு எழும்பிவிடும், வாசனையும் தனியாக இருக்கும். கேரளத்திலும் இலங்கையிலும் இன்றும் அந்த வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் இங்கே அதற்கு வழியில்லை.

அதற்குப் பதில் எளிய வழி ஒன்று உண்டு. அரை டம்ளர் இளநீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை போட்டு மூடி, ராத்திரி முழுக்க வெளியில் வையுங்கள். காலையில் நுரை கட்டியிருக்கும். அதை ஊற்றி அரைத்தால் கள் ஊற்றிய ஆப்பத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பதநீர் ஊற்றினால் பொங்காதா? அதுவும் பனையிலிருந்துதானே வருகிறது?

பொங்காது. பனையில் கலயம் கட்டும்போதே உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும், அதுதான் பதநீர். தடவாமல் விட்டால் அதே சாறு கள்ளாகிவிடும். எனவே மாவைப் புளிக்க வைக்கப் பதநீரை நம்பாதீர்கள். ஆனால் புளித்த மாவை இளக்கத் தண்ணீருக்குப் பதிலாகப் பதநீர் ஊற்றிப் பாருங்கள், பங்குனி முதல் ஆடி வரை கிடைக்கிற நாட்களில். இனிப்பு இருப்பதால் ஓரம் சீக்கிரம் சிவக்கும், தீயைக் குறைத்து வைக்க வேண்டும்.

சோடா உப்பு, ஈஸ்ட் எதுவும் தப்பா?

தப்பில்லை. மாவு புளித்திருந்து குமிழ் போதவில்லை என்றால் ஒரு சிட்டிகை சோடா உப்பைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன் கலக்கலாம். புளிப்போடு சேரும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். புளிக்காத மாவில் போட்டால் சோப்பு வாடையும் மஞ்சள் நிறமும்தான் மிஞ்சும். அவசரத்துக்கு உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டி போதும், வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் நுரைக்க வைத்துக் கலந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தயார். அதிகம் போட்டால் ஆப்பத்தில் பேக்கரி வாசம் வரும். எனக்கு அது பிடிக்காது.

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் அரைக்கலாமா?

வேண்டாம். கடலோரத்தில் பல கிணறுகள் கரிக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கழுவ அந்தத் தண்ணீர் போதும், ஊற வைக்கவும் அரைக்கவும் நல்ல தண்ணீர் எடுங்கள். காவிரிக் குழாய்த் தண்ணீரோ, விலைக்கு வாங்கும் குடமோ, மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரோ எதுவானாலும் சரி. வேறு வழியில்லாமல் கரிப்புத் தண்ணீரில் அரைத்தால் காலையில் உப்புப் போடும் முன் மாவை நாக்கில் வைத்துப் பாருங்கள். குளோரின் வாசம் தூக்கலாக இருக்கும் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து ஊற்றுங்கள்.

இரும்புச் சட்டியா, நான்ஸ்டிக்கா?

பழக இரும்பு, அவசரத்துக்கு நான்ஸ்டிக். கனமான இரும்புச் சட்டி சூட்டைப் பிடித்து வைக்கும், ஓரம் மொறுகும். ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் இரண்டே நாளில் துருப்பிடிக்கும். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டி, சூடு இருக்கும்போதே நல்லெண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். புதுச் சட்டியை வாங்கினால் கஞ்சித் தண்ணீரில் ஊற வைத்துத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் விட்டு ஒரு வெங்காயத்தைப் பாதியாக நறுக்கிச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். அடுத்து ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்து எடுத்துவிடுங்கள். அப்புறம் ஊற்றுகிற முதல் சில ஆப்பம் ஒட்டத்தான் செய்யும், கவலைப்படாதீர்கள். அந்தச் சட்டியில் தாளிக்கவோ குழம்பு வைக்கவோ கூடாது. புளி பட்டால் பழக்கம் போய்விடும்.

நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே பெருந்தீயில் காய வைக்காதீர்கள்.

ஊற்றும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சட்டியை நடுத்தரத் தீயில் வைத்து, எண்ணெய்த் துணியால் துடையுங்கள். தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓட வேண்டும். தீயைக் குறைத்து, ஒரு குழிக்கரண்டி மாவை நடுவில் ஊற்றியதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். இனி கரண்டிக்கு வேலையில்லை. இரண்டு காதையும் துணியால் பிடித்துத் தூக்கி, மணிக்கட்டை மட்டும் அசைத்து ஒரு சுற்று, கூடினால் இரண்டு சுற்று. மாவு சுவரில் ஏறி மெல்லிய திரையாக ஒட்டும், மிச்சம் இறங்கி நடுவில் சேரும். சுவரில் ஏறும்போது ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் சட்டி காயவில்லை, மாவு வழுக்கி இறங்கிவிடும். பொறுபொறுவென்று பொரிந்து, சுற்றும் முன்பே பிடித்துக்கொண்டால் சூடு அதிகம். சட்டியை இறக்கி அரை நிமிடம் பொறுங்கள்.

உடனே மூடாதீர்கள். நடுவில் குமிழ்கள் வந்து ஒவ்வொன்றாக வாய் திறக்கும் வரை காத்திருங்கள். துளை விழுந்த பிறகு மூடி, சிறுதீயில் இரண்டு நிமிடம். ஓரம் பொன்னிறமாகிச் சட்டியை விட்டுத் தானே விலகி நிற்கும். தோசைக் கரண்டியைச் சுற்றிலும் விட்டு எடுத்தால் முழுசாக வரும். நடுவை விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. திருப்பிப் போடவே கூடாது.

துளையே விழவில்லை. என்ன காரணம்?

மாவு புளிக்கவில்லை, அல்லது கெட்டியாக இருக்கிறது. ஒரு கரண்டி தேங்காய்ப்பாலோ தண்ணீரோ விட்டு இன்னொன்று ஊற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அரை மணி நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். துளை பெரிது பெரிதாக விழுந்து நடு கிழிந்தால் மாவு நீர்த்துவிட்டது. ஒரு பிடி அரிசி மாவைக் கரைத்துக் கலக்கலாம்.

ஓரம் எடுக்கும்போதே நொறுங்கிவிடுகிறது?

அளவுக்கு மேல் இனிப்பு, அல்லது நீண்ட நேரம் அடுப்பில் இருந்துவிட்டது.

தேங்காய்ப்பால் திரிந்துபோகிறதே, எப்படி எடுப்பது?

ஒரு முற்றிய தேங்காயைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அடித்துப் பிழிந்தால் முதல் பால். அதைக் கொதிக்க வைக்காதீர்கள், அவ்வளவுதான். சாப்பிடும் பாலுக்கு இரண்டாம் பாலையும் முதல் பாலையும் கலந்து, ஏலக்காய் இரண்டு தட்டிப் போட்டு, சூடு காட்டாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம். வெயில் நாளில் எடுத்த பால் மதியம் வரைகூடத் தாங்காது, ஊற்றுகிற நேரத்துக்குப் பிழிவதே நல்லது. மாவிலும் அன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் பால் கலந்து, மீதி மாவைத் தனியாகக் குளிர்பெட்டியில் வையுங்கள். பால் சேராத மாவு இரண்டு நாள் நன்றாக இருக்கும்.

கருப்பட்டி போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கருப்பட்டியில் மண்ணும் தூசியும் இருக்கும். தட்டி, கொஞ்சம் தண்ணீரில் கரைய வைத்து வடிகட்டுங்கள். பாகு முழுக்க ஆறிய பிறகுதான் தேங்காய்ப்பாலில் ஊற்ற வேண்டும், சூடாக ஊற்றினால் பால் திரிந்து மேலே எண்ணெய் மிதக்கும். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் காய்ச்சுகிறவர்களிடம் நேரில் வாங்க முடிந்தால் வாங்குங்கள். சர்க்கரைப் பாகு கலந்த கருப்பட்டி வெறும் இனிப்பாக இருக்கும். நல்ல கருப்பட்டியில் இனிப்புக்குப் பின்னால் லேசான கரிப்பும் புகைவாசமும் நாக்கில் நிற்கும். பனையேறுகிறவர் விடியுமுன் மரமேறி இறக்கி, அன்றைக்கே காய்ச்சி எடுக்கிற பொருள். விலை கூடத்தான் இருக்கும், பேரம் பேசாதீர்கள். மழைக்காலத்தில் ஈரம் பட்டு இளகும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

முட்டை ஆப்பத்தில் மஞ்சள் கரு வேகவே மாட்டேன் என்கிறது.

முட்டையை நேராகச் சட்டியில் உடைக்காமல் கிண்ணத்தில் உடைத்து, துளை விழுந்த பிறகு நடுவில் மெல்ல இறக்குங்கள். மிளகுத்தூள், உப்பு தூவி மூடி, மிகச் சிறுதீயில் மூன்று நான்கு நிமிடம். ஓரம் கருகுகிறதென்றால் உங்கள் அடுப்பு பெரிது. சட்டிக்கு அடியில் தோசைக்கல்லைக் கவிழ்த்து வையுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதாக இருந்தால் கருவை உடைத்துவிட்டு முழுசாக வேக வையுங்கள்.

இலங்கைக்காரர்கள் ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல் எப்படி?

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடல் வழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1914 முதல் 1964 புயல் வரை ரயிலும் கப்பலுமாகப் போக்குவரத்து இருந்த கரை இது, ருசியும் அக்கரை இக்கரை என்று போய் வந்திருக்கிறது. வறுத்த காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, இடித்த மாசிக்கருவாடு (வேக வைத்துக் காய வைத்த சூரை மீன்) நான்கையும் அம்மியில் கொரகொரப்பாக நசுக்கி, எலுமிச்சை பிழிந்தால் கட்டைச் சம்பல். மிக்ஸியில் விழுதாக்கிவிடாதீர்கள். மிளகாய்க்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய் போடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த குண்டு மிளகாய் அது, தோல் தடித்து, வாசனையோடு உறைக்கும். முட்டை ஆப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியாது.

மீன் குழம்போடு சாப்பிடலாமா, பாலோடு சாப்பிடலாமா?

இரண்டும். முதல் ஆப்பத்தைக் குழம்போடும் கடைசி ஆப்பத்தைப் பாலோடும் சாப்பிடுவது எங்கள் வீட்டு முறை. குழம்பு புளி தூக்கலாக இருக்கக் கூடாது, ஆப்பத்தின் சொந்தப் புளிப்பு அடிபட்டுவிடும். தேங்காய்ப்பால் விட்ட பாறை மீன் குழம்போ, நண்டுக் குழம்போ நன்றாகச் சேரும். நேற்று வைத்த குழம்பு இன்னும் மேல். கறிக்குழம்பு, ஆட்டுக்கால் பாயா என்றால் ஓரத்தைத் தனியாக மொறுக்கிவிட்டு நடுவைக் குழம்பில் நனையுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை கொளுத்தும். அந்த 61 நாளும் முட்டை ஆப்பத்துக்கும் கருவாட்டுத் தொக்குக்கும் ஆன காலம். முருங்கைக்காயும் கத்திரிக்காயும் போட்டுத் தேங்காய்ப்பால் சொதி வைத்தால் மீன் இல்லை என்ற குறையே தெரியாது.

சர்க்கரை நோய் இருக்கிறது. சாப்பிடலாமா?

ஆப்பம் அரிசிதான், கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். பனையிலிருந்து வருவதால் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று இரண்டோடு நிறுத்தி, முட்டை அல்லது மீனோடு சாப்பிடுங்கள். உங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு இருபது பேர் வருகிறார்கள். ஆப்பம் ஊற்றி முடியுமா?

முடியும், ஆனால் முன்கூட்டியே ஊற்றி அடுக்கி வைக்காதீர்கள். ஹாட்பாக்ஸில் போட்டால் ஆவியில் ஓரமெல்லாம் துவண்டுவிடும். இரண்டு சட்டி, இரண்டு அடுப்பு வையுங்கள்; ஒன்று மூடியிருக்கும் நேரத்தில் அடுத்ததில் ஊற்றலாம். ஒரு ஆப்பத்துக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டு சட்டியில் ஒரு மணி நேரத்தில் நாற்பது வரும். நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ் மாதிரி நாட்களில் மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒன்றை இரண்டு மணி நேரம் பிந்தி அரைத்து வையுங்கள். முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் ஒரே பக்குவத்தில் மாவு கிடைக்கும். நான்கு நான்கு பேராக உட்கார வைத்துச் சட்டியிலிருந்து நேராக இலைக்குப் போடுங்கள். பிள்ளைகளை முதல் பந்தியில் உட்கார வையுங்கள், ஓரத்துக்குச் சண்டை வரும்.